பெயருக்கு முன்னால் வரும் மிஸ், மிசஸ்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

சுவடிப்பிரியை:
பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணக்கேடுகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது, மிசஸ் என்று குறிக்கப்பட்ட ஒரு கடை உரிமையாளரின் பெயருக்கு எதிரே என் மேலாளர் சிவப்பு மையால் "கணவர் பெயர் எங்கே?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் மணமாகாதவர். மிஸ்ட்ரஸ் என்பதன் சுருக்கமான அந்த அடைமொழி, தொழில் நடத்துபவர், வேலையாட்களை ஏவுபவர் என்ற தகுதியையே அக்காலத்தில் குறித்தது. 1806இல் மறைந்த அறிஞர் எலிசபெத் கார்ட்டர் மணமாகாமலேயே மிசஸ் கார்ட்டர் என்று அறியப்பட்டதை எடுத்துக்காட்டியும் அவர் இசையவில்லை. அந்தச் சிவப்பு மை இன்னும் உறுத்துகிறது.

நடுக்கட்டம்:
மேலே எழுதியவர் அதை ஏதோ பொற்காலம் போலக் காட்டுவதை ஏற்க இயலாது. கூலிக்கு உழைத்த பெண்களுக்கு எந்த அடைமொழியும் இல்லை, வெறும் பெயர்தான். என் கதை சிறியது. பணியில் சேரும் படிவத்தில், மணநிலையைக் காட்டாத எம்எஸ் என்ற கட்டத்தைக் குறித்தேன், வரிசையில் நின்ற அனைவர் காதிலும் விழும்படி எழுத்தர் "விவாகரத்து ஆனவரா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் நின்ற ஆணுக்கு ஒரே கட்டம், ஒரு கேள்வியும் இல்லை. 1901இலேயே ஒரு மாசசூசெட்ஸ் நாளிதழ் முன்மொழிந்த சுருக்கம் அது; நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றுக்கொள்ள 1986 வரை ஆயிற்று.

பழைய உறை:
கணவர் மறைந்து நெடுங்காலம் ஆன பின்னும் என் அத்தைக்கு அவருடைய முழுப்பெயருக்கு முன் மிசஸ் சேர்த்தே கடிதங்கள் வந்தன. "அவருக்கு வந்த கடிதம், அவரே வந்து பிரிக்கட்டும்" என்று அத்தை ஒதுக்கிவைப்பார்.

சுவடிப்பிரியை கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். அடைமொழியைக் கொண்டு மணநிலையை முடிவு செய்யாமல் உயிலைத் தேடுங்கள். பெண்களின் உயில்களில் மணமாகாதவரா, கைம்பெண்ணா என்பது பெரும்பாலும் தனியே எழுதப்பட்டிருக்கும். ஆண்டையும் பாருங்கள்: வளர்ந்த பெண்களை மிஸ் என்று அழைப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது, கணவரின் முழுப்பெயரை ஒட்டவைக்கும் வழக்கம் 1800ஐ ஒட்டித்தான் தலைகாட்டியது. மேலாளர் என்ன சொன்னாலும் மூலத்தில் உள்ளபடியே படியெடுத்து, உங்கள் விளக்கத்தை அடிக்குறிப்பில் எழுதுங்கள். நடுக்கட்டம் அவர்கள் அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடலாம். பிரான்சு 2012இல் ஒரு சுற்றறிக்கையால், மிஸ் என்பதற்கு ஈடான மத்மசேல் என்ற கட்டத்தை அரசுப் படிவங்களிலிருந்து நீக்கியதை அதில் குறிப்பிடுங்கள்.