சின்ன வயதில் ஏறாமல் விட்ட பட்டம்: உண்மையில் எங்கே பிழை நடந்தது?

கேள்வி: உப்புவெளி வாசி

வணக்கம். திருகோணமலைப் பக்கம் வளர்ந்தவர்களிடம் சின்ன வயது ஏமாற்றங்களைக் கேட்டுப் பாருங்கோ. பெரிய விஷயம் ஒன்றும் வராது. மண்ணில் குத்தின பட்டம், சத்தமே கேட்காத தீப்பெட்டி டெலிபோன், ஊத ஊத உடைந்த சவர்க்காரக் குமிழி, இவைதான் வரும். ஐம்பது வயதிலும் "எனக்குக் கைராசி இல்லை" என்கிறார்கள். அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னது அப்படியே ஒட்டிவிட்டது. இதே வேலைகளை இப்போது ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் செய்யப் போகிறார்கள். அவர்களுக்கும் அந்தப் பேச்சு விழக்கூடாது.

பட்டத்தின் விபரம்: தென்னை ஈர்க்கில் கட்டிய நாலுமூலைப் பட்டம், ஒன்றரை அடி உயரம், டிசு பேப்பர், சோற்றுப் பசை, சீலைத் துண்டு வால், தையல் நூல். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடற்கரையில் ஏற்றுவது. கொஞ்சம் எழும்பும், ஒரே பக்கமாகச் சுழலும், குத்தும். காரணம் என்ன? டெலிபோனும் குமிழியும் ஏன் சரிவருவதில்லை?

பதில் 1: திருக்கடலூர் கரை

ஒரே பக்கமாகச் சுழல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஈர்க்கு அடியில் தடிப்பு, நுனியில் மெல்லிசு. ஒற்றை ஈர்க்கைக் குறுக்கே கட்டினால் அடிப்பக்கம் காற்றைத் தாங்கி நிற்கும், நுனிப்பக்கம் பின்னால் வளைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் காற்றைப் பிடிக்காது. அந்தப் பட்டத்தை யார் ஏற்றினாலும் சுழலத்தான் செய்யும். பிள்ளையின் கையில் ஒரு குறையும் இல்லை.

குறுக்குக்கு இரண்டு ஈர்க்கு எடுங்கோ. ஒன்றின் அடியோடு மற்றதன் நுனி வரும்படி மாற்றிப் போட்டு, நடுவிலும் இரு முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டுங்கோ. கத்தி முதுகில் நடுவை வைத்துப் பாருங்கோ, தராசு மாதிரி நிற்க வேண்டும். சரிந்தால் பாரமான பக்கத்தை மெல்லச் சீவலாம். நிமிர்ந்து நிற்கும் ஈர்க்குக்கும் இரண்டு சேர்த்துக் கட்டினால் நல்லது. பச்சை ஈர்க்கு வேண்டாம். காயும்போது சுருங்கிக் கட்டு தளர்ந்துவிடும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு எடுங்கோ.

பதினெட்டு அங்குல உயரத்துக்குக் குறுக்கு ஈர்க்கு மேலிருந்து ஐந்து அங்குலத்தில் வர வேண்டும். நாலு முனையையும் சுற்றி நூல் கட்டி, பேப்பரை அந்த நூலின் மேல் மடித்து ஒட்டுங்கோ. சோற்றுப் பசை கட்டிகட்டியாக நின்று ஒரு பக்கத்துக்குப் பாரம் ஏற்றும். அரைக் கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கரைத்து, கண்ணாடிபோல் வரும்வரை கிண்டிக் காய்ச்சி ஆறவிட்டால் போதும். விரல் நுனியால் மெல்லிசாகப் பூசுங்கோ. ஈரம் கூடினால் பேப்பர் காயும்போது இழுத்துச் சட்டத்தைக் கோணலாக்கும்.

வாலிலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பட்டம் ஆடினால் வாலைப் பாரமாக்குவார்கள். சிலர் கல்லும் கட்டுவார்கள். வால் வேலை செய்வது பாரத்தால் அல்ல, காற்றில் இழுபடுவதால். ஆகவே நீளமாக, லேசாக இருக்க வேண்டும். இந்த அளவுப் பட்டத்துக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு அடி. மெல்லிய பழைய சீலைக் கரை அருமையாக இருக்கும், ஆனால் கடல் தண்ணியில் நனைந்தால் அன்றைக்கு அதை மாற்றத்தான் வேண்டும்.

பதில் 2: கோட்டையடி

பட்டம் சரியாக இருந்தாலும் காற்று ஏமாற்றும். மே தொடங்கி செப்டெம்பர் வரை எங்களுக்குக் கச்சான் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து தரை வழியாக வருகிறது. டச்சு பே கடற்கரை கிழக்கைப் பார்த்தது. அதனால் கரையில் நிற்கும் பிள்ளைக்குக் காற்று வீடுகளுக்கும் மரங்களுக்கும் மேலால் உருண்டு வந்துதான் விழுகிறது. ஒரு தடையின் உயரம் முப்பது அடி என்றால், அதன் ஏழெட்டு மடங்கு தூரம், அதாவது இருநூறு அடிக்கு மேல், தாழ்வான காற்று குழம்பித்தான் இருக்கும். கீழே ஒரு பக்கம் தள்ளும், மேலே இன்னொரு பக்கம் இழுக்கும். சின்னப் பட்டம் அதற்குள் மாட்டினால் குத்தாமல் என்ன செய்யும்?

மாரி மழை குறைந்து தை, மாசியில் வடகிழக்குக் காற்று வீசும்போது அதே கடற்கரை பட்டத்துக்கு நல்ல இடம். கடலில் தடை ஏது? காற்று சீராக வரும். பட்டம் தரைப்பக்கமாகப் போகும் என்பதால் கரண்ட் வயர் எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கோ. உட்துறைமுக வீதிப் பக்கம் கச்சான் காற்று தண்ணிக்கு மேலால் சுத்தமாக வரும் என்று சிலர் சொல்வார்கள். காற்று நல்லதுதான், ஆனால் முதுகுக்குப் பின்னால் வாகனம் ஓடும் றோட்டு. பிள்ளைகளுக்கு அந்த இடம் வேண்டவே வேண்டாம். சீனன்குடா விமான ஓடுபாதைப் பக்கமும் ஏற்றக்கூடாது.

கச்சானில்தான் ஏற்ற வேண்டும் என்றால் ஓடாதீங்கோ. பிள்ளை திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடும்போது பட்டத்துக்குக் கிடைப்பது இழுவை மட்டும்தான், நின்றவுடன் விழுந்துவிடும். ஒருவர் காற்றுக்கு முதுகு காட்டி நூலோடு நிற்க, இன்னொருவர் அறுபது எழுபது அடி தள்ளிப் பட்டத்தைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். காற்று நிறைந்து வரும் நேரம் கையை விட்டால் போதும், எறியத் தேவையில்லை. நூல் பிள்ளையின் கையில் இருக்கட்டும். பெரியவர்கள் போய்ப் பட்டத்தைப் பிடியுங்கோ. வழமையாக இது தலைகீழாக நடக்கும். பிறகு பிள்ளை வேடிக்கை பார்க்கும், அந்தப் பட்டம் அதனுடையதாகவே இருக்காது.

உப்புவெளி வாசி

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஈர்க்கின் அடி, நுனி விஷயம் இவ்வளவு காலமும் யாரும் சொல்லித் தராதது. முச்சை, அதாவது பட்டத்தை ஏற்றும் நூலோடு இணைக்கக் கட்டும் நூல்கள் பற்றியும் எழுதுவீர்களா? அதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில் 3: திருக்கடலூர் கரை

முச்சைக்கு மூன்று நூல். குறுக்கு ஈர்க்கில் நடுவிலிருந்து இரு பக்கமும் மூன்று அங்குலத்தில் இரண்டு, நிமிர் ஈர்க்கில் கீழ் முனைக்கு நாலு அங்குலம் மேலே ஒன்று. பேப்பரில் ஊசியால் துளைத்து ஈர்க்கோடு சேர்த்துக் கட்டுங்கோ. துளையைச் சுற்றி ஒரு சின்னப் பேப்பர் துண்டு ஒட்டினால் கிழியாது. மேல் இரண்டும் மயிரளவும் வித்தியாசம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும். இங்கே கால் அங்குலம் பிழைத்தாலும் மறுபடி சுழலும். மூன்றையும் சேர்த்து முடிந்து, அந்த முடிச்சில் பட்டத்தைத் தூக்குங்கோ. தலைப்பக்கம் வால்பக்கத்தைவிட உயர்ந்து சரிவாக நின்றால் சரி.

பிறகு காற்றில் பார்த்துத்தான் திருத்த வேண்டும். நூலைப் பலமாக இழுக்கிறது, ஆனால் மேலே ஏறாமல் சுழல்கிறது என்றால் கீழ் நூலைக் கொஞ்சம் நீட்டி, முடிச்சைத் தலைப்பக்கம் நகர்த்துங்கோ. இழுவையே இல்லாமல் படபடத்து, நூல் தொய்ந்து, மிதந்தபடி விழுகிறது என்றால் கீழ் நூலைக் குறைக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பலர் ஒரேயடியாக இரண்டு அங்குலம் மாற்றி, சரியான இடத்தைத் தாண்டிப்போய், பட்டமே சரியில்லை என்று கிழித்துவிடுகிறார்கள்.

பதில் 4: நிலாவெளிக் காற்று

டெலிபோன்: தீப்பெட்டியின் அடி மட்டை தொய்வானது, சரியாக அதிராது. வெறும் தகரப்பேணி இரண்டு எடுத்து, வாய் விளிம்பைத் தட்டி மழுக்கி, அடியின் நடுவில் சின்ன ஆணியால் துளை போட்டு, நூல் முனையை உள்ளே ஓர் ஈர்க்குத் துண்டில் கட்டுங்கோ. நூல் இறுகி நிற்காவிட்டால் ஒன்றும் கேட்காது. வேலி, கதவு, விரல் எதிலும் நூல் படக்கூடாது, மூலையில் திரும்பவும் கூடாது. முப்பது நாற்பது அடிக்கு நன்றாகக் கேட்கும். கம்பளி நூல் சத்தத்தை விழுங்கிவிடும்.

குமிழி: கரையோரக் கிணறுகளில் பலதும் வன்தண்ணி. அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்துவிடும். மழைத்தண்ணி அல்லது கொதித்தாறிய தண்ணி ஒரு கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி ஓர் இரவு வையுங்கோ. சீனி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் எந்தக் கலவையும் நிற்காது, காற்று அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும். விடியற்காலை ஆறு, ஏழு மணி நல்லது. ஊதுவதற்குப் பப்பாசி இலைக்காம்புக் குழலைப் பால் போகக் கழுவிக் காயவிட்டுக் கொடுங்கோ. பால் வாயில் பட்டால் புண்ணாகும். நுனியை நாலாகக் கீறி விரித்தால் பெரிய குமிழி வரும்.

பதில் 5: கோட்டையடி

நூல் பற்றி ஒன்று விடுபட்டுவிட்டது. பருத்தி நூலே போதும், தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) வேண்டாம். கையை வெட்டும், அறுந்து மரத்தில் தொங்கினால் பறவைகள் சிக்கும். அறுந்த நூலைச் சும்மா ஒரு முடிச்சுப் போட்டு இணைத்தால் அந்த இடத்தில் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஆகவே அறுந்த பகுதியை விட்டுப் புதிதாகக் கட்டுங்கோ. கரண்ட் வயரில் மாட்டின பட்டத்தைத் தடியால் தட்டி எடுக்க விடாதீங்கோ. ஈரமான நூலில் கரண்ட் பாயும். பிள்ளை ஆசையாகச் செய்தது என்றாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சமுள்ள ஈர்க்கில் இன்னொன்று கட்டிக் கொடுங்கோ.