லேஸ் பின்னலோடு வேதப்பாடம்: யோசனை தாருங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் தக்கலைப் பக்கம். இந்த மே விடுமுறையில் எங்கள் சபையின் வாலிபப் பெண்களுக்கு லேஸ் பின்னலும் வேதப்பாடமும் சேர்த்து நடத்த ஆசைப்படுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. லண்டன் மிஷனில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைக் கொண்டு அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் நாளுக்கு அப்போஸ்தலர் 9-இல் வரும் தொற்காள். அவள் இறந்தபோது, அவள் செய்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டுகிறார்களே, அது போதும்.

அடுத்த பாடத்துக்குத்தான் உதவி வேண்டும். லேஸ் பின்ன, திண்டின் மேல் மாதிரித் தாளை வைத்து, நூல் திரும்பும் இடமெல்லாம் குண்டூசி குத்துவோம். பின்னும்போது ஊசிதான் கண்ணில் படும், பூ சரியாகத் தெரியாது. பின்னல் பிடித்துக்கொள்ளும் முன்னே ஊசியை உருவினால் வடிவம் குலைந்துவிடும். கஷ்டத்தை ஆண்டவர் ஏன் உடனே நீக்குவதில்லை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று சொல்லும் ரோமர் 5:3-4 பொருந்துமா? அந்த வயதுக்கு இன்னும் எளிய பகுதி இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், ரேந்தை (லேஸ்) பின்னத் தெரிந்த பாட்டிமார், அக்காமார் யாராவது ஒரு நாள் வந்து காட்டித் தருவார்களா? வண்டிச்செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. நூல் சுற்றும் மரக்கட்டைகள் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.