அடுத்த வெர்ஷனில் எழுத்து வரம்பு, ஹேஷ்டேக், எடிட் பட்டன்: தமிழுக்கு எதை முதலில் சரிசெய்யலாம்?

சுழியம்:
சிறிய சமூக வலைத்தளம் ஒன்றின் அடுத்த வெர்ஷனுக்குப் பட்டியல் போடுகிறோம். இப்போது பதிவுக்கு 280 எழுத்து வரம்பு. ஜாவாஸ்கிரிப்ட் தரும் நீளத்தையே கவுண்டரில் காட்டுகிறோம். தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பாதியிலேயே இடம் தீர்ந்துபோகிறது. #தமிழ் என்று போட்டால் "தம" வரைதான் லிங்க் ஆகிறது. நோட்டிஃபிகேஷனில் கடைசி எழுத்து உடைந்து வருகிறது. எடிட் பட்டனும் கேட்கிறார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். வரம்பை 500 ஆக்கினால் போதுமா, கணக்கிடும் முறையையே மாற்றணுமா?

மெய்ப்புள்ளி:
முறையை மாற்றுங்கள், வரம்பை அப்புறம் பார்க்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். "தமிழ்" நம் கண்ணுக்கு 3 எழுத்து, அதற்கு 5. இதே விகிதத்தில் போனால் உங்கள் 280 தமிழில் 168தான். எக்ஸ் தளத்திலும் தமிழுக்கு இதே கதிதான். ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளம் 300 என்று சொல்வது கிராஃபீம் கணக்கு, அதாவது உயிர்மெய் முழுசாக ஒன்று.

இப்படிக் கிராஃபீமாகப் பிரித்து எண்ண, பிரவுசரிலேயே இருக்கும் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) போதும். ஃபயர்ஃபாக்ஸில் 125-ஆம் பதிப்பில்தான் (2024) வந்தது, பழசுக்கு மாற்று வழி வையுங்கள். சர்வரிலும் அதே கணக்கு இருக்கணும். போஸ்ட்கிரஸின் நீளச் சோதனை கோட்பாயிண்ட்தான் (எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் யூனிகோட் தரும் தனி எண்) எண்ணும், அதை நம்பினால் கவுண்டர் பச்சையாக இருக்கும்போதே பதிவு நிராகரிக்கப்படும். கூடவே பைட் உச்சவரம்பும் வேண்டும். ஒரே எழுத்தின் தலையில் நூறு குறிகளை அடுக்கினாலும் கிராஃபீம் ஒன்றுதான், விளையாட்டுப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். ப்ளூஸ்கை அதற்காகவே 3000 பைட் என்றும் வைத்திருக்கிறது.

"க்ஷ" இரண்டாக எண்ணப்படும். யூனிகோட் விதியே அப்படி, பக் என்று டிக்கெட் போடாதீர்கள்.

கொக்கி:
ஹேஷ்டேக் "தம"வில் நிற்பதற்குக் காரணம், டேக் எதுவரை என்று கண்டுபிடிக்கும் ரெஜெக்ஸ் (தேடல் வடிவம்). யூனிகோடின் "லெட்டர்" வகையை மட்டும் அனுமதித்திருக்கிறீர்கள். இகரக் கொக்கியும் புள்ளியும் "மார்க்" வகை. லெட்டர், மார்க், நம்பர், அடிக்கோடு நான்கையும் சேருங்கள், யூனிகோட் ஃப்ளாக் போட மறக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாது. "கொடி"யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் ஒன்றுபோல் தெரியும், டேட்டாபேஸில் இரண்டு டேக். சேமிக்கும் முன் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் முறை) செய்தால் ஒன்றாகிவிடும். சில கீபோர்டுகள் நுழைக்கும் அகலமில்லா இணைப்பான்களை (திரையில் தெரியாத குறிகள்), டேக்குகளை ஒப்பிடப் பயன்படும் வடிவத்திலிருந்து மட்டும் நீக்குங்கள். பதிவில் கை வைக்க வேண்டாம்.

ஆனால் "கௌரி"யும் "கெளரி"யும் என்எஃப்சியில் ஒன்றாகாது. இரண்டாவதில் இருப்பது ளகரம், வேறே எழுத்து. தானாகத் திருத்தப் போனால் கெளுத்தி மீன் செத்துவிடும். தேடலில் "இதையும் பாருங்கள்" என்று காட்டுவதோடு நிறுத்துங்கள்.

சுழியம்:
ஏற்கெனவே சேர்ந்துவிட்ட டேக்குகளை என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் ஒரே அப்டேட் ஓட்டினால் போதாதா?

கொக்கி:
ஓட்டினால், ஒரே டேக் இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸில் மோதி நின்றுவிடும். என்எஃப்சி வடிவத்தைப் புதிய நெடுவரிசையில் எழுதுங்கள், அதை வைத்து இரட்டைகளைக் கண்டுபிடித்துப் பதிவுகளை ஒரே ஐடிக்கு மாற்றுங்கள், மிச்ச வரிகளை அழியுங்கள், கடைசியில் யூனிக் இன்டெக்ஸ். "தம" என்று வெட்டுப்பட்டவற்றை இப்படி மீட்க முடியாது; பழைய பதிவுகளைப் புதிய ரெஜெக்ஸில் மறுபடி ஓட்டித்தான் ஆகணும். டேக் யுஆர்எல் நீளத்தையும் பாருங்கள்: "தமிழ்" அங்கே 45 எழுத்தாக விரியும்.

பின்வாசல்:
நோட்டிஃபிகேஷனை யாரும் தொடவில்லையே. ஆப்பிள் புஷ்ஷின் சாதாரண நோட்டிஃபிகேஷனுக்கு மொத்தம் 4096 பைட். தமிழ்க் கோட்பாயிண்ட் ஒன்று, யூனிகோடைப் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். தகவலை ஜேசன் வடிவில் அடுக்கும் உங்கள் லைப்ரரி, தமிழை ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட குறிகளுக்கு) மாற்றி அனுப்பினால் அதுவே 6. 500 கிராஃபீம் பதிவில் 800 கோட்பாயிண்ட் இருந்தால் 4800 பைட், அந்த நோட்டிஃபிகேஷன் போய்ச் சேரவே சேராது. ஆங்கிலத்தில் டெஸ்ட் செய்தால் இது பிடிபடாது. 100 கிராஃபீமில் வெட்டி மூன்று புள்ளி வையுங்கள். பைட் கணக்கில் வெட்டினால் கறுப்புக் கேள்விக்குறிக் கட்டம் வரும், கோட்பாயிண்டில் வெட்டினால் "தமிழ்" "தமிழ" ஆகும். உங்களுக்கு எது வருகிறதென்று பார்த்தாலே தப்பு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.

எடிட் பட்டனுக்கு மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள மென்பொருள் 3.5-ஆம் பதிப்பில் (2022) செய்ததைப் பாருங்கள். பழைய வடிவங்கள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும், பகிர்ந்தவர்களுக்குப் பதிவு மாறியது என்று தகவல் போகும், வாக்கெடுப்பின் விருப்பங்களை மாற்றினால் விழுந்த ஓட்டுகள் ரத்து. இதில் இரண்டாவதை விட்டுவிட்டால், நல்ல பதிவைப் பகிர்ந்தவர் தலையில் பிறகு விளம்பரத்தைக் கட்டிவிடுவார்கள். என் வரிசையில் எடிட் கடைசி. ஹேஷ்டேக் முதலில், நாள் ஆக ஆக இரட்டை டேக்குகள் ஏறிக்கொண்டே போகும்.

மெய்ப்புள்ளி:
ஒரு சின்ன விஷயம். போஸ்ட்கிரஸ் 12 முதல் தமிழ் ஸ்டெம்மர் (சொல்லின் விகுதிகளை வெட்டி வேர் வடிவில் தேட உதவுவது) உண்டு, தேடலில் அதைக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கணும். சில சொற்களை அதிகமாக வெட்டிவிடும் என்பதால் வெட்டாத இன்டெக்ஸ் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதில் பொருந்துவதை மேலே காட்டுங்கள்.