30 கணினி உள்ள பள்ளி லேபுக்கு எந்த ஸ்விட்ச், எந்த கேபிள்?

கேள்வி:
வணக்கம். மாணவர்களுக்கு 30 கணினி, ஆசிரியருக்கு ஒன்று, ஒரு பிரிண்டர். அறை 40 அடிக்கு 20 அடி. எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் வேண்டும். கடையில் 16 போர்ட் (கேபிள் செருகும் துளை) ஸ்விட்ச் இரண்டு போதும் என்கிறார்கள். வைஃபை போட்டால் கேபிள் செலவே இல்லை என்றும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில் 1:
16 போர்ட் இரண்டு போதாது சார். இரண்டையும் இணைக்க இரண்டு போர்ட், ரவுட்டருக்கு ஒன்று போனால் மிச்சம் 29தான். உங்களுக்கு 32 வேண்டும். 24 போர்ட் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வேகம்) ஸ்விட்ச் இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் பாதி லேப் ஓடும், அதனால் 48 போர்ட் ஒன்றைவிட இதுவே மேல். கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ வசதிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

லூப் தடுப்பு உள்ள ஸ்மார்ட் ஸ்விட்ச்சா என்று கேட்டு வாங்கி, செட்டிங்கில் அதை ஆன் செய்யுங்கள். ஒரே வயரின் இரு முனையையும் ஒரு மாணவர் ஸ்விட்ச்சில் செருகிவிட்டால், தடுப்பு இல்லாத ஸ்விட்ச்சில் மொத்த லேபும் நின்றுவிடும்.

வைஃபை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே சேனலை 30 கணினியும் மாறி மாறித்தான் பயன்படுத்த முடியும். எல்லோரும் ஒரே பாட வீடியோவைத் திறந்தால் திணறும்.

பதில் 2:
ஸ்விட்ச்சைவிடக் கேபிளில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள், முழுத் தாமிரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தாமிரம் பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு, ஆனால் வளைத்தால் எளிதில் ஒடியும். உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அலுமினியக் கம்பியிலும் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்துவிடும், அதை நம்பாதீர்கள்.

மின்வயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுக்க விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். எத்தனை மீட்டர் வாங்கட்டும்?

பதில் 2:
ரேக் (ஸ்விட்ச் வைக்கும் சட்டம்) மூலையில் என்றால் சுவர் ஏறி இறங்குவதையும் சேர்த்து சராசரி 15 மீட்டர். 32 இணைப்புக்கு 480 மீட்டர். 305 மீட்டர் பெட்டி இரண்டு வாங்கினால் மிச்சமும் இருக்கும். ரேக் பக்கம் பேட்ச் பேனல் (கேபிள்கள் வந்து முடியும் பலகை), மேசைப் பக்கம் சுவர்ப் பெட்டி. இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கணினியிலும் லிங்க் வேகம் பாருங்கள். 1000 வராமல் 100 காட்டினால், பெரும்பாலும் கேபிளுக்குள் உள்ள நான்கு ஜோடியில் ஏதோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை. கம்பியை அழுத்திப் பொருத்தும் பஞ்ச் டூலால் மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். அதுவரை பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள்.