அமெரிக்க ஜோடி ஸ்கேட்டிங்: 2030-க்குள் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்குமா?

தேவனாம்பட்டினம்_ராஜி:
எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரி பீச் ரோட்டில் சாயங்காலம் சக்கர ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளோட பெற்றோர் குழுவில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கிட்டே இருக்கு. 2026 மிலான் ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டியில் அமெரிக்காவுக்குத்தான் தங்கம். ஐஸ் டான்ஸில் சாக்–பேட்ஸ் 2023, 2024, 2025 மூன்று வருஷமும் உலக சாம்பியன். ஆண்கள் பிரிவில் உலக சாம்பியன் பட்டம் வென்ற மலினின் இருக்கார். ஆனா ஜோடிப் பிரிவுன்னு வந்தா ஜப்பான், ஜார்ஜியா, ஜெர்மனின்னு மத்தவங்கதான் மேடை ஏறறாங்க. பணம் இருக்கு, ரிங்க் இருக்கு, பயிற்சியாளர் இருக்காங்க. அப்புறம் எங்கே இடிக்குது? ஒரு தரப்பு "2030-ல் கட்டாயம் பதக்கம்" என்கிறது. இன்னொரு தரப்பு "வாய்ப்பே இல்லை" என்கிறது. புள்ளி எங்கே போகுதுன்னு விவரமா யாராவது சொன்னா உதவியா இருக்கும். "அவங்க நல்லா ஆடலை" மாதிரி பதில் வேண்டாம், அது எங்க குழுவிலேயே நிறைய இருக்கு.

புள்ளிக்கணக்கு:
முதலில் பழைய கணக்கு. ஒலிம்பிக் ஜோடிப் பிரிவில் அமெரிக்கா இதுவரை தங்கமே வென்றதில்லை. கடைசியாக வாங்கிய பதக்கம் 1988 கால்கரியில் ஜில் வாட்சன்–பீட்டர் ஓப்பகார்ட் பெற்ற வெண்கலம். அதற்கு முன் 1984 சரயேவோவில் கேரதர்ஸ் அண்ணன் தங்கைக்கு வெள்ளி. 1979-ல் டாய் பாபிலோனியா–ராண்டி கார்ட்னர் உலக சாம்பியன் ஆனார்கள். மறு வருடம் சொந்த நாட்டிலேயே லேக் பிளாசிட் ஒலிம்பிக், கார்ட்னருக்குத் தொடை இடுக்கில் காயம், போட்டியிலிருந்து விலகல். அடுத்த உலகப் பட்டத்துக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 2018 பியோங்சாங்கில் அமெரிக்காவுக்கு ஒரே ஒரு ஜோடி இடம்தான். அவ்வளவு பள்ளத்துக்குப் போய்த்தான் மேலே வந்திருக்கிறார்கள்.

2022 மான்பெலியே உலகப் போட்டியில் அலெக்சா நைரிம்–பிராண்டன் ஃப்ரேஸியர் 221.09 புள்ளியுடன் தங்கம். ரஷ்யர்கள் தடையில், சீனர்கள் வரவில்லை, அதனால் "காலி மைதானம்" என்று பலர் சொன்னார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். அடுத்த ஆண்டு சைத்தாமாவில் ஜப்பானின் மியூரா–கிஹாரா 222.16, நைரிம்–ஃப்ரேஸியர் 217.48, மூன்றாவதாக வந்த இத்தாலி ஜோடி 208.08. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் ஒன்பது புள்ளிக்கு மேல் இடைவெளி. அதிர்ஷ்டத்தில் யாரும் 217 எடுப்பதில்லை.

ஆனால் மிலானில் மியூரா–கிஹாரா தங்கம் எடுத்தது 231.24-க்கு. அமெரிக்க ஜோடியின் அந்த 221-க்கும் இதற்கும் பத்துப் புள்ளி வித்தியாசம். அதுவும் முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமில் ஐந்தாவது இடத்தில் இருந்துவிட்டு, இரண்டாவதாக வரும் நீளமான சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் ஏறி வந்தார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வந்தால், புள்ளி இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

முதலாவது, அருகருகே நின்று இருவரும் தனித்தனியாகச் செய்யும் தாவல். ட்ரிபிள் சால்கோ என்ற மூன்று சுற்றுத் தாவலின் அடிப்படை மதிப்பு 4.3. ஒருவர் நடுக்காற்றில் உடலைத் திறந்து டபுளாக்கிவிட்டால் 1.3. மற்றவர் மூன்று சுற்றும் சுத்தமாகச் சுற்றி இறங்கினாலும் குறைவான சுற்றுத்தான் கணக்கில் ஏறும். மூன்று புள்ளி அடியோடு போச்சு, கூடவே நடுவர்கள் தரக் கழிவும் போடுவார்கள். ட்ரிபிள் டோ லூப்போடு டபுள் ஆக்சலைச் சேர்த்துச் செய்தால் 4.2 + 3.3 = 7.5. முதல் தாவலில் கால் தடுமாறி ஆக்சலை விட்டுவிட்டால் 3.3 காணாமல் போகும். விழுந்தால் ஒருவருக்கு 1 புள்ளி, இருவரும் விழுந்தால் 2 புள்ளி தனியாக வெட்டு.

இரண்டாவது, காம்பொனன்ட் மதிப்பெண், அதாவது சறுக்கும் திறன், ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு ஆகியவற்றுக்குத் தருவது. மூன்று தலைப்பு, ஒவ்வொன்றும் பத்துக்கு. ஷார்ட்டில் 1.33-ஆல் பெருக்குவார்கள், ஃப்ரீயில் 2.67-ஆல். மூன்று தலைப்பிலும் அரைப் புள்ளி குறைந்தால் ஷார்ட்டில் 2, ஃப்ரீயில் 4, மொத்தம் 6. ஒரு முழுப் புள்ளி குறைந்தால் 12. எட்டிலேயே நிற்கும் ஜோடி ஒன்பதைத் தொடும் ஜோடியைத் தாவலால் மட்டும் பிடிக்க முடியாது. அந்த அரைப் புள்ளியைச் சம்பாதிக்க ஒரே ஆளோடு பல வருடம் சறுக்க வேண்டும். கிஹாராவும் மியூராவும் சேர்ந்தது 2019-ல்.

லாஸ்பேட்டை_ரோலர்_மாஸ்டர்:
புள்ளிக்கணக்கு தம்பி சொன்னது சரி. ஆனா ட்விஸ்ட்டை விட்டுட்டார், அதைச் சொல்லாம இந்த விஷயம் முடியாது.

ட்விஸ்ட்னா ஆண் பெண்ணை இடுப்பைப் பிடிச்சு மேலே எறியணும், அவங்க காற்றில் படுத்தவாக்கில் மூணு சுத்து சுத்தணும், திரும்ப இடுப்பிலேயே பிடிச்சு இறக்கணும். லெவல்னா கடினத்தோட படி, 4-தான் உச்சம்; அதுக்கு அடிப்படை மதிப்பு 6.0. செஞ்ச விதத்துக்கு நடுவர்கள் -5-லேர்ந்து +5 வரை தரம் போடுவாங்க, ஒவ்வொரு படிக்கும் பத்து சதவீதம். அப்போ +3 வாங்கினா 7.8, -2 வாங்கினா 4.8. ஒரே அசைவில் மூணு புள்ளி வித்தியாசம். ஷார்ட்லயும் உண்டு, ஃப்ரீயிலயும் உண்டு, அதனால ரெட்டிப்பு.

கோளாறு எங்கே வரும்? முக்காவாசி நேரம் பிடிக்கிற இடத்தில். பெண்ணோட கையோ மாரோ ஆணோட தோளில் பட்டுடுச்சுன்னா லெவலுக்கான ஒரு அம்சம் போயிடும். ஆண் எறிஞ்ச பிறகு ரெண்டு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு விரிச்சுக் காட்டணும், அது இன்னொரு அம்சம். எறியல் தாழ்வா இருந்தா கையை விரிக்க நேரமே இருக்காது, கையை வெச்சுக்கிட்டுக் காத்திருப்பார். பெண் சுத்துக்கு முன்னாடி காலை அகட்டி விரிக்கிறதும் ஒரு அம்சம். அதை அவசரமா மூடினா சுத்து சாயும், சாய்ஞ்ச சுத்து தோளில்தான் வந்து மோதும். டிவியில் பார்க்கறப்ப "பிடிச்சுட்டாரே"ன்னு தோணும், தாளில் லெவல் 2-ன்னு வரும்.

இதில் உயர வித்தியாசம் பெரிய விஷயம். மியூரா 145 செ.மீ. சுமார், கிஹாரா 175 கிட்ட. அமெரிக்காவில் பல பொண்ணுங்க ஒற்றையர் பிரிவில் பதினேழு, பதினெட்டு வயசு வரைக்கும் இருந்துட்டு அப்புறம்தான் ஜோடிக்கு வராங்க. அப்போ ஆள் வளர்ந்தாச்சு. ஒற்றையரில் கத்துக்கிட்ட ட்ரிபிள் கையில் இருக்கும், ஆனா எறியப்படறதுக்கு உடம்பு பழகியிருக்காது. ட்விஸ்ட்டையும் த்ரோவையும் (ஆண் எறிய, பெண் சுத்தித் தானே இறங்கற தாவல்) சின்ன வயசிலேயே தொடங்கணும். சீனாவிலும் ரஷ்யாவிலும் அப்படித்தான் வளர்க்கறாங்க. ஆனா ஒரு மாற்றம் அமெரிக்காவுக்கு சாதகம்: 2024-25 சீசன்லேர்ந்து சீனியருக்குக் குறைந்தபட்ச வயசு 17. முன்ன மாதிரி 15 வயசுப் பொண்ணைத் தூக்கிக்கிட்டு சீனியர் மேடைக்கு வர முடியாது.

அடுத்தது ஆண் பற்றாக்குறை. அங்கே ரிங்க்ல பத்துப் பொண்ணு நின்னா ஆண் ஒண்ணு ரெண்டுதான். அதிலயும் உயரமா, தோள் பலமா, ட்ரிபிள் தாவக்கூடிய ஆள்னா இன்னும் அரிது. அதனாலதான் ஒரே ஆண் வேற வேற துணையோட திரும்பத் திரும்ப வரார். டேனி ஓஷே 2016-ல் தாரா கெய்னோட தேசிய சாம்பியன். பிறகு விலகி, 2022-ல் எலி கேமோட திரும்பி வந்து 2024-ல் மறுபடி தேசிய சாம்பியன், மிலானில் அணித் தங்கம். அவர் பிறந்தது 1991, அந்தப் பொண்ணு 2004. நல்ல ஜோடிதான், குறை சொல்லலை. ஆனா இவரை நம்பி 2030-க்குத் திட்டம் போட முடியுமா?

எங்க சக்கர ஸ்கேட்டிங்கிலயும் இதே கதைதான், ஜோடிப் பிரிவுக்குப் பையன் கிடைக்கறதே பாடு.

வில்லியனூர்_வாசன்:
மாஸ்டர் சொன்ன ஆள் பற்றாக்குறைக்கு அமெரிக்கா கண்டுபிடித்த வழி வெளிநாட்டுத் துணை. அங்கேதான் அடுத்த சிக்கல்: குடியுரிமை.

உலகப் போட்டிக்கு ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக்காரராக இருந்தால் போதும். ஒலிம்பிக்குக்கு இருவரும் குடிமக்களாக இருந்தே ஆக வேண்டும். அலிசா எஃபிமோவா முதலில் ரஷ்யாவுக்கு ஆடினார், பிறகு ஜெர்மனிக்கு, இப்போது மீஷா மிட்ரஃபனோவோடு அமெரிக்காவுக்கு. 2025-ல் தேசியப் பட்டம், அதே ஆண்டு பாஸ்டன் உலகப் போட்டியில் ஆறாவது இடம். கேம்–ஓஷே ஏழாவது. அமெரிக்க ஜோடிகளில் முன்னால் நின்றது இவர்கள்தான், ஆனால் மிலானுக்குப் போக முடியவில்லை. எஃபிமோவாவிடம் பாஸ்போர்ட் இல்லை. போனது கேம்–ஓஷே, எமிலி சான்–ஸ்பென்சர் ஹவ். (ஹவ் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார், விளையாட்டு வீரர்களுக்கான பிரிவில்.)

அமெரிக்கக் குடிமகனை மணந்தவருக்கு க்ரீன் கார்டு கிடைத்து மூன்று வருடம் கழித்துத்தான் விண்ணப்ப வழி திறக்கும். 2005-ல் ஐஸ் டான்சர் டானித் பெல்பினுக்காக நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றி, டிசம்பர் 31 அன்று அவருக்குக் குடியுரிமை கிடைத்து, 2006 டுரினில் வெள்ளி வென்றார். அப்படி ஒரு கதவு எப்போதும் திறக்காது. நம்மூரில் 1962-க்குப் பிறகு ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு ஒப்பம் போட்டவர் வீடும் போடாதவர் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. தேதி தவறினால் என்ன ஆகும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. டியானா ஸ்டெலாட்டோ-டூடெக் அமெரிக்காவில் ஒற்றையராக வளர்ந்தவர், அமெரிக்கத் துணையோடு ஜோடியும் ஆடியவர். சரியான ஆள் கிடைத்தது கனடாவில், மாக்ஸிம் டெஷாம்ப். 2024-ல் 40 வயதில் உலகத் தங்கம், கனடாவின் பெயரில்.

2030 போட்டி பிரெஞ்சு ஆல்ப்ஸில். அதற்குள் எஃபிமோவாவின் குடியுரிமை முடிந்துவிட வேண்டும். அவர் பிறந்தது 1999, மிட்ரஃபனோவ் 1997. கிஹாரா 33 வயதில் தங்கம் வாங்கியிருக்கிறார், வயது தடையே இல்லை. என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

நெல்லிக்குப்பம்_பாபு:
எல்லாரும் ரஷ்யாவை மறந்துட்டுப் பேசறீங்க. மிலானில் ஒரு ரஷ்ய ஜோடிகூட இல்லை. 2021 உலக சாம்பியன் மிஷினா–கால்யமோவ் வீட்டில் உட்கார்ந்திருந்தாங்க. அவங்க ஆளுங்க திரும்பி வந்தா மேடைக்கு ரெண்டு இடம் அங்கேயே போயிடும். அப்போ அமெரிக்கா ஆறு, ஏழு இல்லை, எட்டு, ஒன்பதுதான்.

புள்ளிக்கணக்கு:
பாபு அண்ணே, மறக்கவில்லை. ரஷ்ய ஜோடிகள் முழுசாக வந்தால் பதக்கக் கோடு மேலே ஏறும், சந்தேகமே இல்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனாவின் சூய்–ஹான் தங்கம் 239.88, ரஷ்யாவின் தாராசோவா–மொரோசோவ் வெள்ளி 239.25. நைரிம்–ஃப்ரேஸியருக்கு அங்கே ஆறாவது இடம். சில வாரம் கழித்து அவர்களே மான்பெலியேவில் சாம்பியன். புள்ளியும் ஏறியது, எதிரே நின்றவர்களும் மாறினார்கள். ஆனால் 2030 வரை இன்னும் நாலு சீசன் இருக்கிறது. சர்வதேச நடுவர் முன்னால் ஆடாத ஜோடி திரும்பி வந்ததும் காம்பொனன்டில் ஒன்பது வாங்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் கணிப்பு: உலகப் போட்டியில் 2028-க்குள் ஒரு வெண்கலம் அமெரிக்காவுக்கு நியாயமாகக் கிடைக்கலாம். ஒலிம்பிக் பதக்கத்துக்கு 220 தேவைப்படும். இப்போது ஆடுகிற அமெரிக்க ஜோடிகள் ஷார்ட், ஃப்ரீ இரண்டையும் ஒரே போட்டியில் சுத்தமாக ஆடுவதை வழக்கமாக்கிக்கொள்ளாமல் அந்த எண் வராது.

தேவனாம்பட்டினம்_ராஜி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குழுவில் இனிமே தாளைப் பார்த்துப் பேசலாம்னு முடிவு. அடுத்த போட்டி நடக்கறப்ப மதிப்பெண் தாளில் எதை முதல்ல பார்க்கணும் மாஸ்டர்?

லாஸ்பேட்டை_ரோலர்_மாஸ்டர்:
மொத்தத்தைப் பார்க்காதீங்கம்மா. ட்விஸ்ட் வரியில் கடைசி எண், அதான் லெவல். 4-னா நல்லது, 3-னா பரவாயில்லை, 2-னா பிடிக்கிற இடத்தில் கோளாறு. அப்புறம் அருகருகே தாவல் ரெண்டு வரியும்: பேருக்கு முன்னாடி 3 இருக்கா, 2 இருக்கா. பக்கத்தில் < குறி இருந்தா சுத்து முழுசா முடியலை, அடிப்படை மதிப்பே குறையும். க்யூ (q) குறி மட்டும்னா மதிப்பு அப்படியே நிக்கும், தரத்தில்தான் வெட்டு.

டெத் ஸ்பைரலையும் விடாதீங்க, ஆண் நடுவில் ஊன்றி நிக்க, பெண் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஐஸை ஒட்டிச் சாய்ஞ்சு சுத்தற அசைவு. யாரும் கவனிக்காத இடம் அது. ஆணோட குத்துக்கால் ஐஸில் ஒரே இடத்தில் ஊன்றி நிக்கணும், பெண் தலை ஐஸை ஒட்டி ஒரு முழு வட்டமாவது போகணும். ஆண் முழுசா உட்கார்றதுக்கு முன்னாடி பெண் இறங்கிட்டா, இல்லை சீக்கிரம் எழுந்துட்டா, சுத்துக் கணக்கு குறைஞ்சு லெவல் போயிடும். வலு பத்தாம போறதில்லை இது. அவசரத்தில் போறது, பாதி நேரம் பாட்டுக்குப் பின்தங்கிட்டோம்னு ஓடறப்ப.

கடைசியா காம்பொனன்ட் மூணையும் முந்தின போட்டித் தாளோட ஒப்பிட்டு வைங்க. விழாம ஆடியும் அந்த எண் ஏறலைன்னா, அந்த ஜோடி மேல பந்தயம் கட்டாதீங்க.

வில்லியனூர்_வாசன்:
ஒரு சேர்க்கை. இடக் கணக்கையும் குறித்து வையுங்கள். உலகப் போட்டியில் ஒரு நாட்டின் இரண்டு ஜோடி வாங்கும் இடங்களைக் கூட்டினால் 13-க்குள் இருந்தால் அடுத்த ஆண்டு மூன்று ஜோடி அனுப்பலாம், 28-க்குள் என்றால் இரண்டு. பாஸ்டனில் 6 + 7, சரியாக 13. ஒரு இடம் பின்னால் போயிருந்தாலும் மூன்றாவது ஜோடிக்குக் கதவு மூடியிருக்கும். 2029 உலகப் போட்டியில் வாங்கும் இடங்களை வைத்துத்தான் ஒலிம்பிக் இடங்களில் பெரும்பகுதியும் ஒதுக்கப்படும். அதனால் அந்த ஆண்டு அமெரிக்காவின் முதல் ஜோடியை மட்டும் பார்க்காமல் இரண்டாவது ஜோடி எங்கே முடிக்கிறது என்று பாருங்கள்.