ஏசி போட்டால் சூடேறும் பழைய கார்: ஹெட் கேஸ்கட்டா, ஃபேனா?

வணக்கம் நண்பர்களே. 2010 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,20,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சேலம் ஐந்து ரோடு நெரிசலில் ஏசியோடு நின்றால், பத்தே நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. ஏசியை அணைத்து வண்டியை நகர்த்தினால் தானாக இறங்குகிறது. பைபாஸில் 80-ல் போனால் பிரச்சினையே இல்லை.

மெக்கானிக் பார்த்தவுடனே, "ஹெட் கேஸ்கட் போச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்கிறார் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்தான் ஹெட் கேஸ்கட்). எனக்கு மனசு ஒப்பவில்லை, அது போனதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி மாறவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. காலையில் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தேன், குமிழியும் வரவில்லை. (சூடாக இருக்கும்போது திறக்கக்கூடாது என்று யாரும் சொல்ல வேண்டாம், ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.)

ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது. ஆனால் ஏசி போட்டாலும் வேகம் கூடவில்லை, மெதுவாகவே ஓடுகிறது. ரிலேவா (ஃபேனுக்கு கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்), மோட்டாரே தேய்ந்துவிட்டதா? பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்துப் பார்க்கலாமா? தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் வால்வு) என்றால் பைபாஸிலும் சூடேற வேண்டுமே! அடுத்த வாரம் அம்மாவை ஏற்காடு கூட்டிப்போக வேண்டும், 20 கொண்டை ஊசி வளைவு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.