கைக்குழந்தையின் கார் சீட்: நடுவிலா, ஓரத்திலா?

புதுஅப்பா:

வணக்கம். அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. கார் சீட் வாங்கியாயிற்று. பிறந்த குழந்தையிலிருந்தே பயன்படுத்தலாம். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி வைக்கிற வகை. ஐசோஃபிக்ஸிலும் (காரின் சீட்டிலேயே பொருத்தியிருக்கும் ஒரு ஜோடி இரும்புக் கம்பிகள்) மாட்டலாம், காரின் சீட் பெல்ட்டாலும் கட்டலாம். அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு.

கார் ஐந்து பேர் உட்காரும் சின்ன கார். பின்சீட்டின் இரண்டு ஓரத்திலும் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது, நடுவில் இல்லை. ஆனால் நடுவிலும் தோளைச் சுற்றி வரும் முழு பெல்ட் உண்டு. மனைவி பல நாட்கள் குழந்தையோடு தனியாக ஓட்ட வேண்டியிருக்கும். முன்சீட்டில் பக்கத்திலேயே வைத்தால் அழும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அம்மாவோ, "பச்சைக் குழந்தையை ஏன்டா கட்டிப்போடணும், நான் மடியில வச்சுக்கறேன்" என்கிறார். நடுசீட்தான் பாதுகாப்பு என்று நான் எங்கோ படித்த ஞாபகம். நான் கொஞ்சம் உயரம், என் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளித்தான் ஓட்டுவேன். எங்கே வைப்பது சரி?

மழைத்துளி:

வாழ்த்துகள்! பின்சீட்தான், அதில் இரண்டாவது பேச்சே வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் முன்பயணி சீட்டுக்குப் பின்னால்தான் வைத்தோம். சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினால் அந்தப் பக்கக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிகள் விரைகிற பக்கம் முதுகு காட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் மனைவி தனியாக இருக்கும்போது இது பெரிய உதவி.

நெடுஞ்சாலை:

குழந்தை பிறக்கும் முன்பே கேட்டது ரொம்ப நல்லது, நிதானமாகப் பொருத்திப் பார்க்க நேரம் இருக்கிறது. உறவுக்காரர்கள், நண்பர்கள் என்று பலருக்குக் கார் சீட் பொருத்திக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் மடி. உங்கள் அம்மாவின் அன்பில் குறை சொல்ல எதுவும் இல்லை, ஆனால் கைகளால் முடியாத காரியம் இது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலோ மோதி பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், 5 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 70 கிலோ பாரமாக முன்னால் இழுக்கும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடி நழுவும். அம்மாவிடம் இந்தக் கணக்கையே சொல்லுங்கள். அவரைப் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னால் அவருக்கும் நிம்மதி, குழந்தைக்கும் துணை.

அடுத்தது முன்சீட். இதில் நான் சமரசமே செய்யமாட்டேன். பின்பார்த்த சீட்டை முன்னால் வைத்தால் அதன் முதுகு டேஷ்போர்டுக்குக் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும். ஏர்பேக் கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரிகிற பொருள். அது நேராக அந்த முதுகில் அறையும், அதற்கு அந்தப் பக்கம் இருப்பது குழந்தையின் தலை. முன்பயணியின் வெயில் மறைப்புப் பலகையிலோ கதவின் ஓரத்திலோ பாருங்கள், பின்பார்த்த குழந்தை சீட்டின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் இருக்கும். ஏர்பேக்கை அணைக்கும் வசதி சில கார்களில் உண்டு, ஆனால் அது பின்சீட்டே இல்லாத வண்டிக்கு, வேறு வழியே இல்லாதவர்களுக்கு. உங்களுக்குப் பின்சீட் இருக்கிறது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. நடுசீட் பற்றி நீங்கள் படித்தது சரிதான். பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால், எந்தப் பக்கம் இடித்தாலும், கதவிலிருந்து தள்ளி இருப்பது நடு. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கார் சீட்டில் இருந்த 3 வயது வரையான குழந்தைகளைப் பார்த்தார்கள். பின்சீட்டின் நடுவில் இருந்தவர்களுக்கு, ஓரத்தில் இருந்தவர்களைவிடக் காயப்படும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவாக இருந்தது. சின்ன வித்தியாசமில்லை.

ஆனால் அசையாமல் பொருந்தினால்தான் அந்த நன்மை. எத்தனையோ கார்களில் நடுசீட் குறுகலாக, மேடாக இருக்கும். மேல் வைத்த சீட் இரண்டு பக்கமும் ஆடும். ஆடுகிற நடுவைவிட இறுக்கமான ஓரம் நல்லது, இதை அடித்துச் சொல்வேன்.

அதனால் முதலில் நடுவில் பெல்ட்டால் கட்டிப் பாருங்கள். கார் சீட்டின் கையேட்டில் பெல்ட் போக வேண்டிய வழியைப் படம் போட்டிருப்பார்கள். பின்பார்த்து வைக்கும்போது ஒரு வழி, முன்பார்த்து வைக்கும்போது வேறு வழி, நிறத்தால் பிரித்துக் காட்டியிருக்கும். பெல்ட்டைச் செலுத்தி பக்கிளைப் போட்டதும், ஒரு கையால் சீட்டைக் காரின் மெத்தைக்குள் பலமாக அமுக்கிக்கொண்டே மறுகையால் தளர்வை இழுங்கள். அப்புறம் பெல்ட் போகிற இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து, வழக்கமாகக் கைகுலுக்குகிற அளவு பலத்தில் இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குமேல் நகரக்கூடாது. சீட்டின் மேல்முனையைப் பிடித்து ஆட்டாதீர்கள். பின்பார்த்த சீட்டில் அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்பவர்கள் நிறைய.

இரண்டு ஓரத்திலும் உள்ள ஐசோஃபிக்ஸ் கம்பிகளில் உள்பக்கத்துக் கம்பிகளை எடுத்து நடுவுக்குப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். காரின் கையேடு அனுமதித்தாலொழிய செய்யாதீர்கள். ஒரு ஜோடிக் கம்பிகளுக்கு இடையே 28 சென்டிமீட்டர் என்பது உலகத் தரம். நீங்கள் இழுத்துப் பொருத்தும் இரண்டு கம்பிகள் ஒரு ஜோடியே அல்ல, இடைவெளியும் அந்த அளவில் இருக்காது.

புதுஅப்பா:

ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு. அம்மாவிடம் 70 கிலோ கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்" என்றார்.

நடுவில் கட்டிப் பார்த்தேன். மேடு இருக்கிறது. அது போக, காரின் பக்கிள் தண்டு நீளமாக எழுந்து நிற்பதால், கார் சீட்டின் பெல்ட் வழி வளைகிற இடத்திலேயே பக்கிள் வந்து முட்டுகிறது. எவ்வளவு இழுத்தாலும் இடவலமாக ஆடுகிறது. முன்பயணிக்குப் பின்னால் ஐசோஃபிக்ஸில் மாட்டியதும் இரண்டு பக்கமும் டக் டக்கென்று பூட்டி, பச்சை நிறம் தெரிந்தது. கல் மாதிரி நிற்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். சீட்டிலிருந்து ஒரு கால் தரைக்கு இறங்குகிறது. அந்த இடத்தில் காரின் தரையில் மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கிறது, அதன் மேல் ஊன்றலாமா? ஐசோஃபிக்ஸோடு கூடுதல் பலத்துக்கு சீட் பெல்ட்டையும் கட்டட்டுமா?

நெடுஞ்சாலை:

பக்கிள் வளைவில் முட்டினால் பெல்ட் சரியாக இறுகாது, பக்கிளுக்கும் அது நல்லதல்ல. அப்படியானால் உங்கள் காரில் நடு வேண்டாம். முன்பயணிக்குப் பின்னால் என்பது உங்களுக்கு எல்லா வகையிலும் பொருந்துகிறது. நீங்கள் உயரம் என்றீர்கள், ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் ஒன்று உங்கள் கால் மடங்கும், அல்லது சீட் முட்டும். முன்சீட்டின் முதுகு கார் சீட்டைத் தொடலாமா கூடாதா என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐசோஃபிக்ஸ், பெல்ட் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டாம். உங்கள் கையேட்டில் இரண்டும் சேர்த்தே போடச் சொல்லியிருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் ஏதாவது ஒன்று. மோதும்போது எந்த வழியாகப் பலம் போக வேண்டும் என்று சோதித்துத்தான் அந்த சீட்டைச் செய்திருக்கிறார்கள்.

பெட்டி மூடி முக்கியமான கேள்வி. அந்தக் கால் சும்மா முட்டுக்கொடுக்க அல்ல, மோதலில் சீட் கவிழாமல் தாங்குவது அதுதான். உள்ளே வெற்றிடம் இருந்தால் மூடி உடைந்து கால் இறங்கிவிடும். சில கார்களுக்கு உள்ளே வைக்கத் தனி அடைப்பு தருகிறார்கள், சில கார்களில் அந்த இடமே தடை. கார் கையேட்டில் குழந்தை சீட் பற்றிய அட்டவணையில் இது இருக்கும். தடை என்றால் அந்த இடத்தில் ஐசோஃபிக்ஸை விட்டுவிட்டுப் பெல்ட்டால் கட்டுங்கள். ஆனால் உங்கள் சீட்டைப் பெல்ட்டால் கட்டும்போதும் கால் தேவையா என்று பார்த்துவிட்டுத்தான்.

சாய்வையும் மறக்காதீர்கள். பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. சீட் நிமிர்ந்து இருந்தால் தூக்கத்தில் தலை முன்னால் விழுந்து தாடை நெஞ்சில் படும், மூச்சுப்பாதை மடங்கும். சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ குமிழியோ இருக்கும், சமதரையில் வண்டியை நிறுத்தி அதைச் சரிபாருங்கள்.

தோள்வார் பின்பார்த்த சீட்டில் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். இறுக்கிய பிறகு தோளெலும்பு அருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள்; விரல்களுக்குள் மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். குளிருக்காகத் தடித்த உடுப்பைப் போட்டு அதன் மேல் வாரை மாட்டாதீர்கள், வாரைப் போட்டபின் மேலே போர்த்துங்கள்.

மழைத்துளி:

அழுகைக்கு: ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்ப்பதைவிட ஓரமாக நிறுத்திப் பார்ப்பதே நல்லது என்று மனைவியிடம் சொல்லுங்கள். பின்சீட்டில் கனமான பொருளெல்லாம் தளர்வாகக் கிடக்க வேண்டாம், தண்ணீர் பாட்டில்கூட மோதும்போது பறக்கும். டிக்கிக்குள் போட்டுவிடுங்கள்.

புதுஅப்பா:

காரின் கையேட்டில் தேடினேன். அந்தப் பெட்டிக்கு அடைப்பு உண்டு, தனியாக வாங்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது வரும்வரை பெல்ட்டால் கட்டலாமென்று நினைக்கிறேன். பெல்ட் முறைக்குக் கால் தேவையா என்பது சீட்டின் கையேட்டில் தெளிவாக இல்லை, படம் மட்டும்தான் இருக்கிறது.

நெடுஞ்சாலை:

அந்தப் படத்தையும் பக்கத்திலுள்ள எச்சரிக்கை வரிகளையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், சீட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரையும் சேர்த்து. இன்று இரவு பார்த்துச் சொல்கிறேன். அதிலும் தெளிவில்லை என்றால் சீட்டுத் தயாரிப்பாளரிடமே மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடலாம்.